டெலவேர் விரிகுடாவின் ரெட் நாட் பறவைகள்: எந்த வேலைக்கு முதலில் பணம் போடுவது?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சிக்கும் டெலவேர் மாநிலத்துக்கும் நடுவே இருக்கிறது டெலவேர் விரிகுடா. மே மாதம் அங்கே வந்து இறங்கும் கரைப்பறவைகளைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவை தின்னும் முட்டையை இடும் லாட நண்டைப் பிடிப்பதை அடியோடு தடை செய்யுங்கள் என்பார் ஒருவர். தடை வேண்டாம், கணக்குப் போட்டு அளவாகப் பிடிக்கலாம் என்பார் இன்னொருவர். மருந்துக் கம்பெனிகள் நண்டு ரத்தம் எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், கடற்கரையை ஒரு மாதம் மூடுங்கள், அரித்துப்போன கரையில் மணல் கொட்டுங்கள், முதலில் பறவைகளை ஒழுங்காக எண்ணுங்கள் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் வெறும் யோசனைகளும் அல்ல. ஏதோ ஓர் அளவில் அங்கே நடந்துகொண்டிருப்பவைதான். ஆனால் எல்லா வேலைக்கும் முழுசாகக் கொடுக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

இந்த விவகாரத்தின் மையத்தில் இருப்பது ரெட் நாட் என்ற பறவை. நம் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் உள்ளான்களுக்கு நெருங்கிய உறவு. மே மாதத்தில் மார்பு செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். இங்கே நாம் பேசுவது ரூஃபா என்ற அதன் துணையினத்தைப் பற்றி. இவற்றில் ஒரு பகுதி அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் வட பிரேசிலிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. மிக நீண்ட பயணம் போகும் கூட்டமோ தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள டியரா டெல் ஃபுயகோவரை போகிறது. அங்கிருந்து கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போய்க் குஞ்சு பொரிக்க, ஒரு வழிக்கே சுமார் 15,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும். வழியில் டெலவேர் விரிகுடாதான் கடைசிப் பெரிய தங்குமிடம்.

மே நடுவில் வந்து இறங்கும்போது பல பறவைகள் 130 கிராம்கூடத் தேறாது. அந்த மாதம் முடிவதற்குள் 180 கிராமைத் தொட வேண்டும். கையில் இருப்பது சுமார் இரண்டு வாரம். ஆர்க்டிக்கில் போய் இறங்கும்போது தரையில் பனி இருக்கும், பூச்சிகள் இன்னும் வந்திருக்காது. முதல் நாட்களை உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எடை தேறாமல் கிளம்பும் பறவை முட்டையிடாமல் போகலாம், திரும்பி வராமலும் போகலாம்.

இரண்டு வாரத்தில் இவ்வளவு எடை போட உதவுவது லாட நண்டின் முட்டை. பெயரில்தான் நண்டு, உறவுமுறைப்படி சிலந்திக்குப் பக்கம். மே, ஜூன் மாதங்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஓதத்தில் இவை கூட்டமாகக் கரையேறும். பெண் நண்டு மணலில் குழி பறித்து ஒரு தடவைக்கு நாலாயிரம் முட்டைபோல இட்டு மூடும். இந்த முட்டைகள் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. ரெட் நாட்டின் அலகுக்கு அது எட்டாது. பக்கத்தில் ஓடித்திரியும் கல்திருப்பி உள்ளானாவது கொஞ்சம் தோண்டும். ரெட் நாட்டுக்கு மேல் மணலில் கிடப்பது மட்டும்தான் உணவு.

முட்டை மேலே எப்படி வருகிறது? அலை கிளறினால் கொஞ்சம் வரும். பெரும்பாலும், முதல் நண்டு இட்ட இடத்தையே அடுத்து வரும் நண்டு தோண்டும்போதுதான் வருகிறது. அதாவது கரையில் நண்டுகள் இடமில்லாமல் நெருக்கியடித்தால்தான் பறவைக்குச் சாப்பாடு. நண்டின் எண்ணிக்கை பாதியானால் மேல் மணலில் கிடக்கும் முட்டை பாதியாகாது, அதைவிட மிகவும் குறைந்துவிடும். நண்டு இனம் அழியாமல் பிழைத்துக்கிடக்கத் தேவையான அளவு வேறு, பறவை பசியாறத் தேவையான அளவு வேறு. கிடங்கில் நெல் மூட்டை அடுக்கியிருந்து என்ன, இலையில் சோறு விழ வேண்டாமா?

எனவே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: மே மாதத்தின் பின்பாதியில், மேல் மணலில், பறவைக்கு எட்டுகிற முட்டையை இது கூட்டுமா? கூட்டும் என்றால் எத்தனை வருடத்தில்?

பிரச்சினை எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த விரிகுடாவில் லட்சக்கணக்கில் நண்டு பிடித்து, காயவைத்து, அரைத்து உரமாக விற்றார்கள். செயற்கை உரம் வந்தபின் அது நின்றது, நண்டும் மீண்டது. 1990களில் விலாங்கு பிடிக்கவும் வெல்க் என்ற பெரிய கடல் நத்தையைப் பிடிக்கவும் நண்டை வெட்டிக் கூட்டில் இரையாக வைக்கும் வழக்கம் பெருகியது. அட்லாண்டிக் கரை முழுக்க ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பிடித்த காலம் உண்டு. முட்டை நிறைந்த பெண் நண்டுக்குத்தான் இரையாகக் கிராக்கி அதிகம். பறவையில் அதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1990களின் நடுப்பகுதியில் ரெட் நாட்டில் வளர்ந்த பறவைகள் அடுத்த ஆண்டுக்குப் பிழைத்திருக்கும் விகிதம் சுமார் 85 விழுக்காடு. 2000ஐ ஒட்டி அது 56க்கு இறங்கியது. 2014 டிசம்பரில் அமெரிக்க அரசு ரூஃபாவை அருகும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தது.

தடையா, கோட்டாவா

பெரிய சண்டை இங்கேதான். நியூ ஜெர்சி 2008இல் இரைக்காக நண்டு பிடிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. எதிர்க்கரையில் உள்ள டெலவேர் மாநிலமும் அதற்கு முந்தைய ஆண்டு தடை விதித்துப் பார்த்தது. மீன் வியாபாரத் தரப்பு வழக்குப் போட, நீதிமன்றம் தடையை ரத்து செய்துவிட்டது. அதிலிருந்து அங்கே ஆண் நண்டை மட்டும் கோட்டா வைத்துப் பிடிக்கிறார்கள்.

கோட்டாவை முடிவு செய்வது அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம். 2013 பருவத்திலிருந்து அவர்கள் ஒரு கணித மாதிரியை வைத்து நடத்துகிறார்கள். நண்டு எத்தனை, பறவை எத்தனை என்று அந்த மாதிரிக்குக் கொடுத்தால், இந்த ஆண்டு எத்தனை ஆண், எத்தனை பெண் பிடிக்கலாம் என்று அது சொல்லும். ஒரு மீன்பிடி ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கப் பறவையின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுப்பது உலகத்தில் அரிது. அந்த வகையில் இதைப் பாராட்டத்தான் வேண்டும். பல ஆண்டுகளாக விடை ஒன்றேதான்: ஆண் ஐந்து லட்சம்வரை, பெண் பூஜ்யம்.

2022இல் மாதிரியைத் திருத்தினார்கள். திருத்திய மாதிரி, பெண் நண்டையும் பிடிக்கலாம் என்று முதல்முறையாகச் சொன்னது. 2023க்கு அது காட்டிய எண் சுமார் 1,25,000. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் எழுத்தில் கருத்து அனுப்பினார்கள், பெரும்பாலும் எதிர்ப்பு. ஆணையம் திருத்திய மாதிரியை ஏற்றுக்கொண்டது, ஆனால் பெண் நண்டுக்குப் பூஜ்யம் என்றே அந்த ஆண்டு முடிவெடுத்தது. அதாவது மாதிரியை வைத்திருக்கிறார்கள், அது சொன்னதைக் கேட்கவில்லை. பறவைக்கு அது நல்லதாகப் போயிற்று. முறை என்று பார்த்தால் அசிங்கம்.

மாதிரி அப்படிச் சொன்னதற்குக் காரணம், பெண் நண்டின் எண்ணிக்கைக்கும் பறவை பிழைப்பதற்கும் இடையே வலுவான தொடர்பு கணக்கில் தெரியவில்லை என்பது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, காரணம் எளிது. அந்தக் கணக்குக்குப் போன தரவு பெரும்பாலும் நண்டும் பறவையும் ஏற்கெனவே சரிந்த பிறகு எடுத்தது. நண்டு நெருக்கியடித்த காலத்தின் தரவு அதில் இல்லை. எப்போதும் அரைவயிறாகவே இருந்தவர்களை மட்டும் கவனித்துவிட்டு, சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் பெரிய சம்பந்தம் தெரியவில்லை என்று சொல்வதில் என்ன இருக்கிறது? போதாததற்கு, நண்டுகளை எண்ண வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நடத்தும் இழுவலைக் கணக்கெடுப்பு, பணம் இல்லாமல் 2013 முதல் 2015வரை நடக்கவே இல்லை. மாதிரியை ஓடவிட்ட புதிதிலேயே அதன் முக்கியமான தரவில் ஓட்டை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மீன்பிடித் தரப்பு கேட்கும் கேள்வி நியாயமானது: அண்மை ஆண்டுகளில் இழுவலைக் கணக்கு நண்டு கூடியிருப்பதைக் காட்டுகிறதே, பறவை ஏன் கூடவில்லை? பெண் நண்டு முட்டையிடும் பருவத்துக்கு வர ஒன்பது பத்து வருடம் ஆகும். 2008இல் விட்டுவைத்த தலைமுறை 2018ஐ ஒட்டித்தான் கரையேற ஆரம்பித்திருக்கும். அதற்குப் பிறகும் கடலடியில் நண்டு கூடுவதும் மேல் மணலில் முட்டை கூடுவதும் ஒன்றல்ல. மேல் மணல் முட்டையைத் தனியாக எண்ணும் ஆய்வாளர்கள், 1990களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் இன்றும் அது மிகக் குறைவு என்கிறார்கள். ஆணையத்தின் மாதிரியில் அந்த முட்டைக் கணக்கு இல்லை. பறவை சாப்பிடுவது அதைத்தான் என்னும்போது, இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

அப்படியானால் முழுத் தடைதான் சரியா? அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க முடியவில்லை. விரிகுடாவில் கெடுபிடி கூடியபோது இரைத் தேவை மறைந்துவிடவில்லை. நியூயார்க், மாசச்சூசெட்ஸ் பக்கம் நகர்ந்தது. ஆசிய லாட நண்டுகளை இறக்குமதி செய்து இரையாக்கும் வேலையும் தொடங்கியது. அதை நிறுத்தச் சொல்லி 2013இல் அதே ஆணையமே கேட்க வேண்டியதாயிற்று. ஆசிய இனங்களில் ஒன்று நம் ஒடிசா கரையிலும் கரையேறி முட்டையிடுகிறது. ஆசியாவில் இவற்றின் நிலை அமெரிக்க நண்டைவிட மோசம். ஓர் இடத்தில் தடை போட்டு இன்னோர் இடத்தைக் காலி செய்வது தீர்வாகாது.

ஆண் நண்டைப் பொறுத்தவரை கரையில் பெண்ணைவிட ஆண் பல மடங்கு அதிகம். ஒரு பெண்ணைச் சுற்றி மூன்று நான்கு ஆண்கள் மொய்ப்பது அங்கே சாதாரணக் காட்சி. அளவாக ஆண் நண்டு பிடிப்பதால் முட்டை குறையும் என்று சொல்ல வலுவான காரணம் இல்லை. மீனவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கும். இரையை வலைப்பையில் போட்டு வைத்தால் குறைந்த நண்டே போதும் என்பதையும் அவர்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.

அதனால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் நடுவில் ஒன்றைக் கேட்பேன்: ஆண் நண்டுக்குக் கோட்டா, பெண் நண்டுக்கு நிரந்தரப் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் ஆண்டுதோறும் ஓட்டெடுப்பில் பிழைக்கும் பூஜ்யமாக இருக்கக் கூடாது. மேல் மணல் முட்டை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்வரை யாரும் தொட முடியாத விதியாக இருக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பலன் மெதுவாக வரும், ஆனால் மற்ற எந்த வேலையும் இது இல்லாமல் நிற்காது.

ரத்தம்

ஊசி மருந்திலும் தடுப்பூசியிலும் உடம்புக்குள் வைக்கும் கருவிகளிலும் பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று சோதிக்க, லாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல். என்ற பொருள் பயன்படுகிறது. 1970களில் இது வந்ததால்தான் முயல்களின் உடம்பில் ஏற்றிச் சோதிப்பது குறைந்தது. நண்டைப் பிடித்து, கொஞ்சம் ரத்தம் எடுத்து, திரும்பக் கடலில் விடுகிறார்கள். 2022இல் அட்லாண்டிக் கரை முழுக்க இப்படிப் பிடித்தவை 9 லட்சத்தை ஒட்டி. இதில் 15 விழுக்காடு செத்துப்போகும் என்பது ஆணையம் வைத்திருக்கும் கணக்கு. இதைவிட அதிகமாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. நியூ ஜெர்சியின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது.

மாற்று வழி தயாராக இருக்கிறது என்பதுதான் இதில் சுவாரசியம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ போ என்ற இருவர் 1990களில் நண்டின் அந்த மரபணுவை எடுத்து, நண்டே இல்லாமல் ஆய்வகத்தில் அதே புரதத்தை உண்டாக்கினார்கள். ஆர்.எஃப்.சி. என்று அதற்குப் பெயர். 2003இலிருந்து விற்பனையில் இருக்கிறது. ஐரோப்பிய மருந்துத் தர நூல் 2021 ஜனவரியிலிருந்து அதை முழுமையான சோதனையாக ஏற்றது. அமெரிக்கத் தர நூலும் 2024இல் ஒப்புதல் கொடுத்தது, 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எலி லில்லி கம்பெனி அதற்கெல்லாம் முன்னாடியே மாறத் தொடங்கிவிட்டது. 2018இல் அதன் ஒற்றைத்தலைவலி மருந்து ஒன்று இந்தச் சோதனையோடுதான் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது.

கம்பெனிகள் மெதுவாக நகர்வதற்குக் காரணம், ஏற்கெனவே அனுமதி வாங்கிய மருந்தின் சோதனை முறையை மாற்றினால் திரும்பவும் நிரூபித்துக் காட்ட வேண்டிய காகித வேலைதான். அதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நடக்கும் சோதனைகளில் பெரும்பங்கு மருந்தையே சோதிப்பது கிடையாது; தயாரிப்புக்கான தண்ணீரையும் மூலப்பொருளையும் சோதிப்பது. அங்கே மட்டும் மாற்றினாலே நண்டின் தேவை மளமளவென்று குறையும். பறவை ஆர்வலர்கள் மீனவரோடு மல்லுக்கட்டும் நேரத்தில் கொஞ்சத்தை மருந்துக் கம்பெனிகளின் பங்குதாரர்கள் மேல் செலவழிக்கலாம் என்பது என் எண்ணம். மீனவருக்கு நண்டு வயிற்றுப்பாடு. கம்பெனிக்கு இது பழக்கம், அவ்வளவுதான். இந்த வழியை நான் இரண்டாவதாக வைக்கிறேன். பொதுப்பணம் அதிகம் வேண்டாம், அழுத்தம்தான் வேண்டும்.

கரையை மூடுவதும் மணல் கொட்டுவதும்

நண்டுக்கான விதிகள் பலன் தரப் பத்து வருடம் ஆகும் என்றால், வரும் மே மாதத்துக்கு என்ன செய்வது? அதற்குத்தான் கரைக் காவல். நியூ ஜெர்சி பக்கத்தில் முக்கியமான கரைகளை மே 7 முதல் ஜூன் 7வரை மூடுகிறார்கள். கயிறு கட்டி, பலகை வைத்து, தன்னார்வலர்களை நிறுத்துகிறார்கள். ரீட்ஸ் பீச் மாதிரி இடங்களில் தூரத்திலிருந்து பார்க்க ஏற்பாடு உண்டு.

நாயோடு ஒருவர் நடந்துபோனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஒரு தடவை பறவைக் கூட்டம் எழும்பினால் பறப்பதில் சக்தி போகும், சாப்பிடும் நேரம் போகும். அது மட்டுமில்லை. கடற்காகங்கள் மனிதருக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. சின்னப் பறவைகள் விட்டுப்போன இடத்தை அவை பிடித்துக்கொள்ளும், அப்புறம் விடாது. இரண்டு வாரம்தான் கெடு என்று இருக்கும்போது இந்த இழப்பு கொஞ்சமில்லை. இருக்கிற முட்டையைப் பறவைக்குக் கிடைக்கச் செய்வதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. புதிதாக ஒரு முட்டைகூட இதனால் உண்டாகாது என்பது உண்மை. ஆனால் பலன் அன்றைக்கே தெரியும்.

மணல் கொட்டுவது வேறு ரகம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூ ஜெர்சி பக்கத்துக் கரைகளை உரித்துப்போட்டுவிட்டது. மணல் போன இடங்களில் அடியிலிருந்த கறுப்புச் சேறும் பழைய கட்டட இடிபாடும் வெளியே தெரிந்தன. சேற்றில் முட்டைக்குக் காற்று கிடைக்காது, பொரியாது. இடிபாட்டில் நண்டு சிக்கிச் செத்துப்போகும். அமெரிக்கன் லிட்டோரல் சொசைட்டியும் மற்றவர்களும் 2013 வசந்தத்துக்குள், அதாவது நண்டு ஏறுவதற்குள், பல கரைகளில் இடிபாட்டை அள்ளி மணலைக் கொட்டி முடித்தார்கள். பருவம் தப்பவில்லை. அந்த நேரத்தில் அது சரியான முடிவு.

ஆனால் இதையே தொடர் திட்டமாக வைக்க எனக்குத் தயக்கம். கொட்டிய மணலைக் கடல் மறுபடி எடுத்துப்போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி லாரியாகத் திரும்பக் கொட்ட வேண்டும். மணலின் பருமனும் சரியாக இருக்க வேண்டும், மிக நைசாகப் போனால் நண்டுக்கு ஆகாது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும்போது இது முடிவில்லாத செலவு. இடிபாட்டை அகற்றுவதற்கும் ஓடை முகத்துவாரங்களைச் சரிசெய்வதற்கும் பணம் கொடுப்பேன், ஏனென்றால் அவை ஒருமுறை செய்தால் நிற்கும். வெறும் மணலுக்குப் புயல் அடித்த ஆண்டில் மட்டும். டெலவேர் பக்கம் மிஸ்பிலியன் துறைமுகம் அலை அடங்கிய இடமாக இருப்பதால் நண்டு அங்கே மோசமான ஆண்டிலும் ஏறுகிறது. அப்படி இயற்கையாகவே ஒதுங்கிய இடங்களைக் கட்டுமானம் நெருங்காமல் வைப்பது மணலைவிட நல்ல முதலீடு.

அலை புரட்டிப்போட்டு மல்லாந்து கிடக்கும் நண்டுகளைத் தன்னார்வலர்கள் நிமிர்த்திவிடும் திட்டமும் 2013இலிருந்து நியூ ஜெர்சியில் இருக்கிறது. செலவே இல்லாத வேலை. அங்கே எடிசன் ஊர்ப்பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு அந்தக் கரை இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஓட்டின் ஓரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போகலாம். மூடிய கரைகளில் அந்தத் திட்டத்தின் வழியாகத்தான் நுழைய முடியும்.

எண்ணுவது எப்படி

2021 மே மாதம் விரிகுடாவில் ரெட் நாட்டின் உச்ச எண்ணிக்கை 7,000க்கும் கீழே போனது. 1989இல் இதே வகைக் கணக்கில் 90,000க்கு மேல். செய்தித்தாள்கள் அலறின. அதே 2021க்கு மாதிரியில் போன எண்ணிக்கையோ சுமார் 42,000. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. முதலாவது, குறிப்பிட்ட நாளில் கரை நெடுகப் பார்த்து எண்ணியது. இரண்டாவது, அந்தப் பருவம் முழுக்க வந்துபோனவை எத்தனை என்ற மதிப்பீடு. ஒரு கூட்டம் வரும்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கும், வந்தவை சில நாள் அக்கம்பக்கத்துச் சதுப்புகளில் இருக்கும்.

இரண்டாவது எண் கொடிகளை வைத்து வருவது. பறவையைப் பிடித்துக் காலில் எழுத்தும் எண்ணும் போட்ட சிறு பிளாஸ்டிக் கொடியை மாட்டுகிறார்கள். அமெரிக்காவுக்கு இளம்பச்சை, அர்ஜென்டினாவுக்கு ஆரஞ்சு, சிலிக்குச் சிவப்பு. டெலஸ்கோப்பில் கொடியைப் படித்துக் குறித்துக்கொண்டே வந்தால், எத்தனை பறவை கடந்துபோகிறது, போன ஆண்டுப் பறவைகளில் எத்தனை பிழைத்திருக்கிறது என்று கணக்கிடலாம். அர்ஜென்டினாவில் 1995இல் வளையம் போட்ட பி95 என்ற பறவையை 2014இலும் பார்த்தார்கள் என்றால் அது இந்தக் கொடியின் தயவு. அது வாழ்நாளில் பறந்த தூரம் நிலாவுக்குப் போய்ப் பாதி வழி திரும்பும் அளவு என்று கணக்குப் போட்டார்கள்.

முடிவெடுக்கக் கொடிக் கணக்கு மேல். ஆனால் 1989இல் கொடிக் கணக்கு கிடையாது. நாற்பது ஆண்டுச் சரிவை ஒரே அளவுகோலில் காட்டுவது அந்தப் பழைய உச்சக் கணக்கு மட்டும்தான், அதையும் நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை.

மூன்றாவது, எடை. பீரங்கி வலை, அதாவது வெடித்து வீசும் வலை, வைத்து ஒரே வீச்சில் கூட்டத்தைப் பிடித்து, எடை பார்த்து, உடனே விடுகிறார்கள். 1997இலிருந்து நடக்கிறது. பறவைக்குக் கொஞ்சம் தொந்தரவு உண்டு என்பதால் அளவோடு செய்ய வேண்டும். ஆனால் மே கடைசியில் எத்தனை விழுக்காடு 180 கிராமைத் தொட்டது என்ற அந்த ஓர் எண், அந்த ஆண்டு முட்டை போதுமானதாக இருந்ததா என்று நேராகச் சொல்லிவிடும்.

இவற்றுக்குப் பக்கத்தில் நவீனக் கருவிகளை வைத்துப் பாருங்கள். ஒரு கிராம் எடையுள்ள ஜியோலொகேட்டர் வெளிச்ச நேரத்தைப் பதிந்து வழியைச் சொல்லும், ஆனால் அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் தகவல் கைக்கு வரும். அப்படிக் கிடைத்த தகவலில் ஒரு பறவை ஆறு நாள் நிற்காமல் 8,000 கிலோமீட்டர் பறந்தது தெரிந்தது. பிரமிக்க வைக்கும் செய்தி. மோட்டஸ் என்ற ரேடியோ கோபுர வலையமைப்புக்குக் கோபுரம் இருக்கும் இடத்தில் மட்டும் கேட்கும். செயற்கைக்கோள் கருவிக்குப் பறவையைத் திரும்பப் பிடிக்க வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலர். கடலில் காற்றாலை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க இவை நிச்சயம் வேண்டும். அந்தச் செலவைக் காற்றாலைக் கம்பெனிகளிடம் வாங்கலாம். விரிகுடாவில் இன்றைய கேள்விக்கு இவை விடை தராது. படம் அழகாக வருவதால் நன்கொடை இவற்றுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, மணலை ஜாடியில் அள்ளிச் சலித்து முட்டை எண்ணும் வேலைக்குக் கிடைப்பதில்லை. என்னிடம் கேட்டால் முட்டை எண்ணுபவருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, மீதி இருந்தால் செயற்கைக்கோளைப் பார்க்கலாம்.

மொத்தத்தில் என் வரிசை: பெண் நண்டுக்கு நிரந்தரப் பூஜ்யம், ஆர்.எஃப்.சி.க்கு அழுத்தம், ஒவ்வொரு மே மாதமும் கரைக் காவல். கண்காணிப்பில் முட்டை, எடை, கொடி, இழுவலை நான்கும் எந்த ஆண்டும் விட்டுப்போகக் கூடாது. மணலும் செயற்கைக்கோளும் கடைசியில்.

இந்த வரிசை மாறக்கூடிய ஒரு நிலைமையும் இருக்கிறது. தொடர்ந்து பல ஆண்டுகள் மே கடைசியில் பெரும்பாலான பறவைகள் 180 கிராமைத் தொட்டு, அப்படியும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், சிக்கல் இந்த விரிகுடாவில் இல்லை என்று அர்த்தம். அப்போது பணத்தை வேறு இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். கயானா கரையோரங்களில் கரைப்பறவை வேட்டை நடக்கிறது. பிரெஞ்சு கயானா ரெட் நாட்டைச் சுடக் கூடாது என்று 2014இல்தான் அறிவித்தது. பிரேசில் கரையில் இறால் பண்ணைகள் இருக்கின்றன. ஆர்க்டிக்கில் பனி உருகும் நாளும் பூச்சி வெளிவரும் நாளும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த நாள் வந்தால் டெலவேர் மீனவரின் கோட்டாவை மறுபடி பேசலாம், பெண் நண்டு உட்பட. அதுவரை பேச வேண்டாம்.